ரபுன்சலைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுவரலாமா? (11 முதல் 14 வயதுக்கான நாவல்)

சாரல் (அம்பாசமுத்திரம்)

எல்லோருக்கும் வணக்கம். கிரிம் சகோதரர்களின் ரபுன்சல் கதையை இளையோர் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பு இல்லை. கதையின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் திருநெல்வேலிச் சீமையில் நடப்பதாக எழுதுகிறேன்.

கதை மறந்தவர்களுக்கு: கர்ப்பிணி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்கு ஆசைப்படுகிறாள். புருஷன் சுவரேறித் திருடுகிறான். இரண்டாவது தடவை தோட்டக்காரியிடம் அகப்படுகிறான். அவள் சூனியக்காரி. "கீரையை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கோ, பிறக்கிற பிள்ளை எனக்கு" என்கிறாள். பிள்ளை பிறந்ததும் தூக்கிப்போகிறாள். 12 வயதில் கதவும் படியும் இல்லாத கோபுரத்தில் அடைக்கிறாள். பெண்ணின் முடியைப் பிடித்துத்தான் ஏறி இறங்குவாள். ஓர் இளவரசன் இதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஏறுகிறான். விஷயம் தெரிந்ததும் சூனியக்காரி முடியை வெட்டி அவளைப் பொட்டல்காட்டில் விடுகிறாள். அவன் மேலிருந்து குதித்து, முள் குத்திக் கண் போய், வருஷக்கணக்கில் அலைகிறான். கடைசியில் அவள் கண்ணீர் பட்டுப் பார்வை திரும்புகிறது.

மூலத்தில் இது நாலைந்து பக்கம். அங்கே யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை. நாவலில் கேட்பார்கள். அவளுக்கு அடுத்தவள் பிள்ளை எதற்கு? வளர்த்த பிள்ளையை எதற்காகப் பூட்டிவைக்கிறாள்? பெற்றவர்கள் ஏன் ஒரு தடவைகூடத் தேடி வரவில்லை? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறேன்.

மாதிரி அத்தியாயங்களை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். "ஒன்று வெளிநாட்டுக் கதையாக இருக்கட்டும், இல்லை நாட்டுப்புறக் கதையாக இருக்கட்டும், இரண்டுங்கெட்டானாக வேண்டாம்" என்று திருப்பிவிட்டார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நெல்லை டு நொய்டா

பதிப்பகத்தார் சொன்னதில் என்ன தப்பு? கரிசலில் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) நாட்டுப்புறக் கதைகளைத் தேடித்தேடித் தொகுத்துவைத்திருக்கிறார். நெல்லை வட்டாரக் கதைகளைக் கழனியூரன் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்திருக்கிறார். அத்தனையும் இருக்கும்போது ஜெர்மன்காரன் கதைக்குப் பாவாடை தாவணி எதற்கு? வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டனை நாவலாக்குங்கள், நான் பத்து பிரதி வாங்குகிறேன்.

பழைய பேப்பர் (பாளையங்கோட்டை)

தம்பி, இது ஜெர்மன்காரன் கதை என்று யார் சொன்னது?

நேப்பிள்ஸ்காரர் பசீலே எழுதி, அவர் இறந்த பிறகு 1634-ல் அச்சில் வந்த கதையில் திருடுவது பார்ஸ்லி என்ற கீரை. கர்ப்பிணியே போய்த் திருடுகிறாள், அகப்படுவது ஒரு ராட்சசியிடம். 1698-ல் பிரான்ஸில் லா ஃபோர்ஸ் என்ற சீமாட்டி அதை எடுத்து வேறு மாதிரி எழுதினார். 1790-ல் ஷுல்ட்ஸ் என்பவர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனபோதுதான் கீரை ரபுன்சல் என்ற செடி ஆனது, பிள்ளைக்கும் அதே பெயர். 1812-ல் கிரிம் சகோதரர்கள் தங்கள் முதல் தொகுதியில் சேர்த்து, 1857 வரை பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஆக, ஊர் மாறியதில் கீரையும் மாறியிருக்கிறது, பிள்ளையைத் தூக்கிப்போகிறவளும் மாறியிருக்கிறாள். நாலாவது தடவை அம்பாசமுத்திரத்தில் மாறினால் குடி முழுகிவிடாது.

சாரல் அம்மா, உங்கள் மூன்று கேள்விக்கும் கிரிம்மைவிட லா ஃபோர்ஸ் உதவுவார். அவர் கதையில் தூக்கிப்போகிறவள் ஒரு தேவதை. பிள்ளைக்குக் கெட்ட விதி இருக்கிறது என்று தெரிந்து, அதிலிருந்து காப்பாற்றத்தான் 12 வயதில் கோபுரம் கட்டுகிறாள். அதுவும் வெள்ளிக் கோபுரம். உள்ளே துணிமணி, நகை, சாப்பாடு, புத்தகம், எதற்கும் குறைவில்லை. கதவு மட்டும்தான் இல்லை. இன்னொன்று. லா ஃபோர்ஸை 14-ஆம் லூயி அரசவையிலிருந்து விரட்டி ஒரு கன்னிமாடத்துக்கு அனுப்பிவைத்திருந்தார். அடைபட்டுக் கிடந்த ஒரு பெண் எழுதிய கதை இது. நீங்கள் பதில் தேட வேண்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆறாப்பு டீச்சர் (சேரன்மகாதேவி)

இந்தக் கதையைப் போன வருஷம் வகுப்பில் சொன்னேன். சூனியக்காரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பையன்கள் கேட்டது, "டீச்சர், அவளே முடியை அறுத்துக் கம்பியில கட்டி இறங்கிருக்கலாம்லா?" பெண்பிள்ளைகளில் ஒருத்தி கேட்டது, "12 வயசுல ஏன் பூட்டுனா?" கேட்டுவிட்டு அவளே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

சாரல் அக்கா, நீங்கள் பதில் இல்லை என்று தேடுகிற கேள்விக்கு நம்ம ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே பதில் தெரியும். பெரிய மனுஷி ஆனதும் சைக்கிளை வாங்கி வைத்துவிடுவார்கள். டியூஷன் நிற்கும். தெருவில் விளையாடினால் அதட்டல். பிறகு பள்ளிக்கூடமே நின்ற பிள்ளைகளும் உண்டு. பூட்டுகிறவள் சூனியக்காரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் தேய்த்துத் தலைவாரிப் பூ வைக்கிற அதே கைதான் கதவையும் சாத்துகிறது.

சங்கரன்கோவில் மதினி

டீச்சர் சொன்னது சரி. அதோடு நான் ஒன்று சேர்க்கிறேன்.

சாரல், பக்கத்துத் தோட்டம் என்று சுவர் கட்டிய உடனே நம்ம ஊரில் முதல் கேள்வி "அது யார் தெரு?" என்பதுதான். மூலக் கதையில் அந்தக் கேள்வி இல்லை. இங்கே கிணறு, கோவில், பெயர், எதை எழுதினாலும் சாதி தெரிந்துவிடும். சூனியக்காரியை வேறு தெருக்காரியாக வைத்தால் கதை நீங்கள் நினைக்காத பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் இரண்டு வீட்டையும் ஒரே வளவுக்குள் வையுங்கள். சொக்காரங்க (பங்காளிகள்) வீடு. நடுவில் பொது முற்றம், புறவாசலில் ஆளுக்கொரு துண்டு தோட்டம். தோட்டக்காரி வேறு யாருமில்லை, பிள்ளையில்லாத பெரியம்மை. பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கச்சி தன் பிள்ளையைக் கொடுப்பது நம் வீடுகளில் நடக்காததா? "அடுத்தது எனக்குத் தந்துரு" என்று விளையாட்டாகச் சொல்வார்கள். விளையாட்டு எப்போது வாக்கு ஆகிறது என்பது யாருக்கும் தெரியாது. பெற்றவர்கள் ஏன் தேடி வரவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிடுகிறது. பிள்ளை எங்கேயோ போகவில்லையே, பெரியம்மை வீட்டில்தானே இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வார்கள்.

சாரல்

மதினி, வளவு என்று வாசித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். சூனியக்காரி என்ற சொல்லையே நாவலில் எடுத்துவிடலாம் போல. பெரியம்மை போதும்.

கீரைக்குப் பதில் என்ன வைக்கலாம்? மாங்காய், புளியம்பிஞ்சு எல்லாம் சினிமாவில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

தேரிக்காட்டான் (திசையன்விளை)

பதநீர்.

சங்கரன்கோவில் மதினி

பதநீரைத் தோட்டத்தில் யார் திருடுவார்? சிறுகிழங்கு வையுங்கள். அம்பை, கடையம் பக்கம் விளையும், மார்கழி தையில் தோண்டுவார்கள். கீரையைக் கிள்ளினால் தடயம் இருக்காது. கிழங்கைத் தோண்டினால் குழி இருக்கும், மறுநாள் காலையில் பெரியம்மை பார்ப்பாள். சாக்கில் போட்டு அடித்துத் தோலை எடுக்கிற சத்தம் வேறு இருக்கிறது. ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் வளவு முழுக்க முழித்துக்கொள்ளும். திருடன் அகப்பட வேறு வழியே யோசிக்க வேண்டாம்.

பழைய பேப்பர்

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் ரபுன்சல் செடி எது என்று இரண்டு மூன்று செடிகளைச் சொல்வார்கள். அதில் ஒன்றுக்கு இலையையும் தின்பார்கள், கிழங்கையும் தின்பார்கள். மதினி தெரியாமலே மூலத்துக்கு நெருக்கமாகப் போய்விட்டார்.

வில்லிசை ரசிகன்

எல்லாம் சரி, ஆனால் பெரியம்மையை இவ்வளவு நல்லவளாக்கினால் கதையில் பயம் எங்கே? இப்போது வருகிற மறுகூறல் எல்லாவற்றிலும் சூனியக்காரிக்கு ஒரு சோகக் கதை வைத்துவிடுகிறார்கள். கடைசியில் எல்லாரும் நல்லவர்கள், யாரும் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பயம் வேண்டும் ஐயா. கோவில் கொடையில் சுடலைமாடன் கதை படிக்கும்போது மயானக் கட்டத்தில் எந்தப் பிள்ளையாவது எழுந்து வீட்டுக்குப் போகிறதா? அம்மா மடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

என் யோசனை, அவளை இசக்கி மாதிரி எழுதுங்கள். சில கோவில்களில் இசக்கி கையில் ஒரு பிள்ளையும் வாயில் ஒரு பிள்ளையுமாக இருப்பாள். பிள்ளை வேண்டுகிறவர்கள் அவளிடம்தான் போகிறார்கள். கொடுக்கிறவளும் அவள், எடுக்கிறவளும் அவள். உங்கள் கதைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

ஆறாப்பு டீச்சர்

அண்ணாச்சி, வேண்டவே வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கியப்பன் என்று பிள்ளைகள் இருக்கிறார்கள். குலதெய்வத்தைப் பிள்ளைபிடிக்கிறவளாக எழுதினால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது?

வில்லிசை ரசிகன்

நான் கெட்டவள் என்று சொல்லவில்லையே டீச்சர். சரி, பெயர் வேண்டாம். அந்த இரட்டைத்தன்மை மட்டும் இருக்கட்டும்.

சாரல்

ரசிகன் அண்ணாச்சி சொன்ன பயத்தை விடமாட்டேன். பெரியம்மை ஏன் இப்படி ஆனாள் என்று ஒரு அத்தியாயம் எழுதி வைத்திருந்தேன், அதை எடுத்துவிடுகிறேன். கதை முழுக்கப் பெண்பிள்ளையின் கண் வழியாகவே போகட்டும். பெரியம்மை என்ன செய்கிறாள் என்று மட்டும் தெரியும். ஏன் என்று அவள் வாயால் ஒருநாளும் சொல்லக் கூடாது. தினமும் சிக்கெடுத்து வாருவாள், உதிர்ந்த முடியை எண்ணிச் சுருட்டி மாடத்தில் வைப்பாள். அந்த எண்ணிக்கை போதும், படிக்கிற பிள்ளை பயந்துகொள்ளும்.

அப்புறம் கோபுரம். நம்ம ஊரில் கோபுரம் என்றால் கோவில்தான். நான் யோசித்தது, 12 வயதில் பெரியம்மை அவளை ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குக் கூட்டிப்போகிறாள். அந்தக் காலத்தில் கொழும்பு வியாபாரம் பண்ணின ஒருவர் கட்டிப்போட்ட உயரமான மச்சு வீடு. கீழ்த்தளம் இடிந்து மணல் ஏறிவிட்டது. மேலே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல். முன்பாதி முழுக்க வயலும் வாய்க்காலும், பின்பாதி முழுக்கச் செம்மணல். காலம் 1980-களின் கடைசி.

நெல்லை டு நொய்டா

1980-கள் எதற்கு? போன் இருந்தால் கதை முடிந்துவிடும் என்பதாலா?

ஆறாப்பு டீச்சர்

போனைப் பிடுங்கி வைப்பதுதான் தம்பி இப்போதைய பூட்டு. ஆனால் அக்கா 1980-களிலேயே எழுதட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே ராஜா காலம்தான்.

தேரிக்காட்டான்

தேரி என்றதும் வந்துவிட்டேன். முடியைப் பிடித்து ஏறுகிற கதையெல்லாம் எங்கள் ஊரில் எடுபடாது. கோபுரம் எவ்வளவு உயரம் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய பேப்பர்

முடி 20 முழம் கீழே தொங்கியது என்று கிரிம்மில் வரும். ஜெர்மன் முழம் ஊருக்கு ஊர் மாறும், நம்ம முழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 11 முதல் 13 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டான்

இவ்வளவுதானா? நல்ல முற்றின பனை 20 மீட்டருக்கு மேலேயே நிற்கும். காலில் தளைநார், சாய்த்துவைத்த முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி. அதோடு காலையும் மாலையும் ஏறி இறங்குகிறவன் வீட்டுப் பையனுக்கு உங்கள் மச்சு வீடு பெரிய காரியமில்லை. எவள் முடியையும் பிடித்து இழுக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மச்சு ஜன்னல் உயரத்தில் இருக்கிற பெண்ணைத் தரையில் நடக்கிற ஒருவனுக்கும் தெரியாது. பாளை சீவப் பனையுச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் நேருக்கு நேர் தெரியும். உங்கள் இளவரசன் அவன்தான். ராஜகுமாரன் எல்லாம் தேரியில் கிடைக்க மாட்டான்.

சாரல்

தேரி அண்ணாச்சி, உங்களுக்கு நன்றி எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. ஒருவன் பனையில், ஒருத்தி ஜன்னலில், நடுவில் பத்தடி காற்று. காதல் இல்லாமலே இதை எழுதிவிடலாம். அவனுக்கும் 13 வயதுதான். சீசனில் பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணுகிறவன்.

பழைய பேப்பர்

காதலை எடுப்பதற்கும் முன்னோடி உண்டு. 1812 பதிப்பில் ரபுன்சல் வெகுளியாக "என் துணியெல்லாம் ஏன் இறுக்கமாகிறது?" என்று கேட்பாள். அதில்தான் குட்டு வெளிப்படும். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் இதுவா என்று பேச்சு கிளம்பியது. பின் பதிப்பில் "இளவரசனைவிட நீ கனமாக இருக்கிறாயே" என்று கேட்பதாக மாற்றினார்கள். இரட்டைக் குழந்தை மட்டும் கடைசிவரை இருந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கக்கூடாது! அவர்கள் பாதி எடுத்தார்கள், நீங்கள் முழுதும் எடுங்கள்.

வில்லிசை ரசிகன்

அப்படியானால் முடிக்கு வேலையே இல்லையா? நம் கதைகளில் ராஜகுமாரி முடி உதிர்ந்து, இலையில் சுருட்டி ஆற்றில் விடுவாள். கீழே குளிக்கிற ராஜகுமாரன் கையில் சிக்கும். எவ்வளவு அழகான கட்டம். பாபநாசத்தில் விட்டால் குறுக்குத்துறையில் எடுக்கலாம்.

தேரிக்காட்டான்

தேரியில் ஏது ஆறு? தாமிரபரணி வெள்ளநீர்க் கால்வாயை எங்கள் எம்.எல். தேரிவரை வெட்டியது இப்போதுதான். அதுவும் மேற்கே இருந்து கிழக்கே வருவது. முடி எதிர்நீச்சல் போட வேண்டும்.

சாரல்

முடிக்கு வேலை இருக்கிறது. 1857 பதிப்பில் ரபுன்சல், ஒவ்வொரு தடவை வரும்போதும் பட்டுநூல் கொண்டுவா, ஏணி பின்னி இறங்குகிறேன் என்று இளவரசனிடம் சொல்வாள். அவள் சும்மா அழுதுகொண்டிருந்தவள் இல்லை. அதை வைத்துக்கொள்கிறேன். பட்டுக்குப் பதில் கோரை. பத்தமடைப் பாய் பின்னப் பெரியம்மை பழக்கியிருக்கிறாள். பாயோடு பாயாக ஏணியும் பின்னுகிறாள், உதிர்ந்த முடியைச் சேர்த்து முறுக்குகிறாள்.

சங்கரன்கோவில் மதினி

கோரையில் ஏணி பின்னினால் பிள்ளை கீழே விழுந்து காலை உடைத்துக்கொள்ளும். பனைநார் வேண்டும். மட்டையிலிருந்து கிழித்து ஊறப்போட்டால் நார்க்கட்டில் ஆளையே தாங்குகிறதே. பனையிலிருக்கிறவன் ஜன்னலுக்கு எறியட்டும். கோரைப்பாய் மேலே, நார் ஏணி பாய்க்கு அடியில்.

இன்னொன்று கேட்கிறேன். வளவுக்குள் சாதியை ஒளித்துவைத்தோம். தேரிக்குப் போனதும் அது திரும்பி வந்துவிட்டது, கவனித்தீர்களா? மச்சில் இருக்கிறவளும் பனையில் இருக்கிறவனும் பேசிக்கொண்டால் பெரியம்மைக்கு எதற்குக் கோபம் வரும்?

நெல்லை டு நொய்டா

பிள்ளைகள் புத்தகத்தில் அதெல்லாம் வேண்டுமா மதினி?

ஆறாப்பு டீச்சர்

தம்பி நொய்டாவில் இருக்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. கட்டுகிறவன் வயது என்ன? நாவல் படிக்கப்போகிறவன் வயதுதான். அவனுக்குத் தெரியாத எதையும் அக்கா சொல்லப்போவதில்லை.

சாதிப் பெயர் எங்கேயும் வர வேண்டாம். பெரியம்மை பதநீர் வாங்குவாள், அவன் கலயத்தைத் தொடாமல் தன் செம்பை நீட்டி, தூக்கி ஊற்றச் சொல்லி வாங்குவாள். அது போதும்.

சாரல்

செம்பை எழுதிவிட்டேன் டீச்சர். அவள் அதை ஜன்னலிலிருந்து பார்க்கிறாள், கேள்வி கேட்கவில்லை. மறுநாள் அவன் நாரோடு ஒரு நொங்கையும் எறிகிறான், அவள் கையால் பிடிக்கிறாள்.

முள் குத்திக் கண் போகும் கட்டத்தில் இன்னும் முடிவு பண்ணவில்லை. தேரியில் உடைமுள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்ணீர் பட்டுப் பார்வை வருவதை 1980-களில் எழுத முடியுமா? பாளையங்கோட்டையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் தேவதைக்கதை போய்விடும்.

வில்லிசை ரசிகன்

ஒரே ஒரு அதிசயம் இருக்கட்டும். அதையும் எடுத்துவிட்டால் அது வேறு நாவல்.

பழைய பேப்பர்

வழிமொழிகிறேன். சட்ட விஷயமும் ஒன்று. கிரிம் சகோதரர்கள் 1859-லும் 1863-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கதை யாரும் எடுக்கலாம். ஆனால் தமிழில் வந்த மொழிபெயர்ப்பு வரிகளை எடுக்காதீர்கள், நம் சட்டத்தில் மொழிபெயர்த்தவர் இறந்து 60 ஆண்டுவரை அவற்றுக்கு உரிமை உண்டு. ஒளி வீசுகிற மந்திர முடியும் வேண்டாம், அது படக் கம்பெனிக்காரன் சேர்த்தது.

சங்கரன்கோவில் மதினி

மாதக் கணக்கைச் சரிபார்த்தீர்களா? தையில் சிறுகிழங்குக்கு ஆசைப்பட்டால் அப்போது மூன்றாம் மாசம் மசக்கை. பிள்ளை ஆடியில் பிறக்கும். ஆடி அமாவாசையில் வைத்துவிடுங்கள். வளவே காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போயிருக்கும். வீட்டில் நிறைமாசக்காரியும் பெரியம்மையும் மட்டும். பிள்ளையை எடுத்துக் கையில் வைத்திருப்பவள் அவள்தான், தடுக்க ஆளில்லை.

தேரிக்காட்டான்

ஆடியில் பிறந்தால் 12 முடிந்து தேரிக்கு வருவதும் ஆடியில்தானே? பதநீர் மாசி பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். அவள் வரும்போது பனையில் ஒருத்தன் இருக்க மாட்டான். அடுத்த மாசிவரை ஜன்னலுக்கு எதிரே வெறும் ஓலைதான்.

சாரல்

ஐயோ, ஏழு மாசம்! அவளோடு பேச யாருமே இல்லாமல் ஏழு மாசத்தை எப்படி ஓட்டுவது?

தேரிக்காட்டான்

ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும், பொறுக்க வருவார்கள். கொட்டையைப் பாத்தி போட்டுப் புதைப்பார்கள். மார்கழி தையில் பனங்கிழங்கு பிடுங்க மறுபடியும் வருவார்கள். மச்சுக்கு அடியில் பேச்சுச் சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. பையனை மாசியில் கொண்டுவராதீர்கள், கிழங்கு பிடுங்கும்போதே கொண்டுவாருங்கள். முதலில் குரல், அப்புறம் ஆள்.

சாரல்

அப்படியே வைக்கிறேன். ஆறாம் அத்தியாயத்தில் பாத்தி, ஏழில் குரல். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டையும் இங்கே போடுகிறேன். தேரி அண்ணாச்சி பனையையும் மதினி மாதக் கணக்கையும் பார்த்துச் சொல்லுங்கள். டீச்சர், வகுப்பில் வாசித்துக்காட்ட முடியுமா? அந்தச் சிரித்த பிள்ளை என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆறாப்பு டீச்சர்

அரைப்பரீட்சை முடியட்டும் அக்கா. பிரிண்ட் எடுத்து அனுப்புங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.